காத்திருப்போர் பட்டியலில் ஒரு கமிஷனர்

தேக்குப் பெட்டி அது. ஒரு தலையணை அளவு இருக்கும். முன்பக்கம் கை நுழைகிற மாதிரி ஒரு துளை. துளையின் வாயில் சட்டையின் கையைப் போலத் தைத்த பச்சை வெல்வெட் துணி. உள்ளே கையை விட்டால் வலப்பக்கக் கிண்ணத்தில் வெள்ளை உருண்டைகள், இடப்பக்கத்தில் கறுப்பு உருண்டைகள் இருக்கும். ஒன்றை எடுத்து நடுவிலுள்ள பள்ளத்தில் போட்டுவிட்டுக் கையை உருவிக்கொள்ளவேண்டும். என்ன போட்டீர்கள் என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது, வீட்டில் மனைவிக்குத் தெரியாது, பிராந்தி கொஞ்சம் கூடியிருந்தால் உங்களுக்கே தெரியாது. கமிட்டியில் பத்துப் பேர். இரண்டு கறுப்பு விழுந்தால் விண்ணப்பித்தவர் கதை முடிந்தது. அந்த வருடத்துக்கு மட்டுமல்ல, ஆயுளுக்கும் அவர் மறுபடி விண்ணப்பிக்க முடியாது. தொண்ணூற்றொன்றில் பெங்களூர் கண்டோன்மென்ட் பகுதியின் அந்தப் பழைய கிளப்பில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த முதல் வேலை இந்தப் பெட்டியைத் துடைப்பது. பட்டப்படிப்பு வீண்போகவில்லை என்று ஊருக்குக் கடிதம் எழுதினேன்.

அதற்கு முன் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் மூன்று மாதம் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தேன். நான் முடுக்கிய திருகாணிகளை முடுக்குவதற்கென்று இன்னொருவரை வேலைக்கு எடுத்தார்கள். அவருக்கும் எனக்குமாகச் சேர்த்துச் சம்பளம் கொடுப்பது கட்டுப்படியாகாது என்று தெரிந்ததும் என்னைக் கைகுலுக்கி அனுப்பினார்கள். கிளப்பில் திருகாணி கிடையாது. காத்திருப்போர் பட்டியல் இருந்தது. பெரிய நீள நோட்டு, கூடவே ஒரு அலமாரி நிறைய விண்ணப்பங்கள். விண்ணப்பித்தால் முறை வருவதற்கு இருபது வருடம் ஆகும். பிள்ளை பிறந்ததும் பள்ளிக்கூடத்துக்குப் பெயர் எழுதி வைப்பதுபோல, பதவி கிடைத்ததும் இங்கே பெயர் எழுதி வைப்பார்கள்.

நாட்டை யார் ஆள்கிறார்கள் என்று மற்றவர்கள் செய்தித்தாளில் தெரிந்துகொள்கிறார்கள். நான் அந்த அலமாரியில் தெரிந்துகொண்டேன். அடித்தட்டு விண்ணப்பங்களில் ‘தொழில்’ என்ற இடத்தில் காபித் தோட்டம், ராணுவம், சிவில் சர்வீஸ், பாரிஸ்டர் என்று மசிப்பேனாவில் சாய்வாக எழுதியிருக்கும். அதற்கு மேல்தட்டில் அரசுத் தொழிற்சாலைகளின் ஜெனரல் மேனேஜர்கள், என்ஜினியர்கள். அதற்கும் மேலே, சாராய ஏலம் என்று எழுதக் கூச்சப்பட்டு ‘பிசினஸ்’ என்று எழுதியவர்கள். பிறகு காலேஜ் வைத்திருப்பவர்கள். நான் சேர்ந்த பிறகு வந்தவற்றில் பாதிக்குமேல் ‘டெவலப்பர்’. நிலத்தையா, மென்பொருளையா என்று போன் போட்டுக் கேட்டுப் பக்கத்தில் பென்சிலால் குறித்துவைப்பது என் பொறுப்பு. ஒருவர், “ரெண்டும்தான்ப்பா, நாளைக்கு மூணாவதும் இருக்கும், எடம் விட்டு எழுது” என்றார். இப்போது அவர் எந்தச் சபையில் உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னால் வீண் வம்பு.

செக்ரெட்டரி ஒரு ஓய்வுபெற்ற கர்னல். தமிழ்ச் சிப்பாய்களை நடத்தியவர் என்பதால் நல்ல தமிழ் பேசுவார். என்ன, முழுக்கக் கட்டளையாகவே இருக்கும். “தம்பி, காபி குடி. சந்தோஷமா இரு” என்று அவர் சொன்னால் நிமிர்ந்து நின்றுதான் சந்தோஷப்பட முடியும். புதன்கிழமைகளில் அவர் பட்டியலைப் பார்ப்பார். முறை வந்த விண்ணப்பங்களை மேலே எடுத்துவைப்பேன். அவற்றில் ஒன்றை மட்டும் அவர் ஒவ்வொரு வருடமும் விரலால் தட்டி, “இதை அடியில வை” என்பார். நான் அடியில் வைப்பேன். அடுத்த வருடம் அது மேலே வரும். மறுபடி அடியில் வைப்பேன்.

அந்த விண்ணப்பத்துக்குச் சொந்தக்காரர்தான் கமிஷனர். லேஅவுட்டுகளுக்கு அனுமதி தரும் ஓர் அலுவலகத்தின் தலைவர், ஐ.ஏ.எஸ். தமிழர்கள் நிறைந்த அல்சூரில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா இதே கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் முப்பது வருடம் மார்க்கராக இருந்தவர். மார்க்கர் என்றால் ஆடுகிறவர்களுக்குப் புள்ளி எழுதுபவர், கோலுக்குச் சுண்ணம் தேய்த்துக் கொடுப்பவர். கமிஷனர் தசரா முடிந்த வாரத்தில் வருடம் தவறாமல் வருவார். அரசாங்கக் காரை வாசல் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்தே வந்து என் ஜன்னலுக்கு வெளியே நிற்பார். போர்ட்டிகோவைத் தாண்டமாட்டார். அவரைத் தங்கள் விருந்தாளியாக உள்ளே கூட்டிக்கொண்டு போக எத்தனையோ மெம்பர்கள் காத்திருந்தார்கள். யாருடைய விருந்தாளியாகவும் வரமாட்டேன் என்பதில் உறுதியாக இருந்தார்.

“என்னாப்பா, என் நம்பர் எதுவரைக்கும் வந்திருக்கு?” என்பார்.

“இந்த வருசம் வந்துடும் சார்” என்பேன். பொய் சொல்லும்போது எனக்குக் காது துடிக்கும். அதைக் கைக்குட்டையால் துடைத்துச் சமாளிப்பேன். எனக்கு ஏதோ காதில் கோளாறு என்று நினைத்து ஒருமுறை நல்ல டாக்டர் ஒருவரின் விலாசம் கொடுத்துவிட்டுப் போனார்.

கர்னல் கெட்டவரல்லர். வேலையை விட்டுப் போகும் மாதத்தில் அவரே காரணத்தைச் சொன்னார். “தம்பி, யோசி. கமிட்டியில யாரு இருக்காங்க, பாரு. அவங்களுக்குச் சுண்ணம் தேய்ச்சுக் குடுத்தவன் மவன் பக்கத்துல உக்காந்து விஸ்கி குடிக்கப் போறானா? ரெண்டு கறுப்பு இல்ல, எட்டு விழும். விழுந்தா ஆயுசுக்கும் கதவு மூடிடும். லிஸ்ட்ல இருக்கிற வரைக்கும் மானம் இருக்கும். அதனால அடியில வை.” இப்படி ஒரு கருணை உண்டு என்று அதுவரை எனக்குத் தெரியாது.

வேடிக்கை என்னவென்றால், கமிஷனரைப் பாதுகாப்பாக அடியில் வைத்திருந்த அந்த வருடங்களில், கர்னல் கவனிக்காமலே, மேலே ஆட்கள் மாறிக்கொண்டிருந்தார்கள். கிளப் இருப்பது அரசாங்க நிலம். குத்தகை புதுப்பிக்கவேண்டிய காலம் வந்தது. முன்பெல்லாம் மெம்பர் ஒருவர் இன்னொரு மெம்பருக்குச் சாப்பாட்டு மேசையில் சொன்னால் குத்தகை புதுப்பிக்கப்பட்டுவிடும். இப்போது சொல்லவேண்டிய ஆட்கள் மேசையில் இல்லை. ஆகவே விதிகளில் ‘சிறப்புப் பிரிவு’ என்று ஒரு பத்தி சேர்த்தார்கள். அதை டைப் அடித்தவன் நான். அந்தப் பத்தி வழியாக இரண்டு மந்திரிகள், காலேஜ்காரர் ஒருவர், பெரிய பில்டர் ஒருவர் எல்லோரும் ஒரே வாரத்தில் மெம்பர் ஆனார்கள். வேட்டியும் செருப்புமாக வந்தால் வாசலிலேயே நிறுத்தவேண்டும் என்பது கிளப்பின் சட்டம். மந்திரி வேட்டியும் செருப்புமாகவே வந்தார். நிறுத்தவேண்டிய காவலாளி அன்றைக்குப் பார்த்து ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர், மந்திரி பாருக்குப் போய்ச் சேரும்வரை நிமிரவில்லை. சட்டத்தை அடுத்த மாதக் கூட்டத்தில் திருத்தினார்கள். காபித் தோட்டத்துக்காரர்கள் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வரவில்லை. வராததை யாரும் கவனிக்காததால் மறுபடி வந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் காலமானார்கள். இரண்டாயிரம் பிறந்தபோது பத்துப் பேர் கமிட்டியில் பில்டர், காலேஜ்காரர், ஒரு மந்திரி உட்பட ஏழு பேர் புதியவர்கள்.

கர்னல் போனதும் ‘அடியில வை’ என்று சொல்ல ஆளில்லை. மார்க்கரை நினைவு வைத்திருக்கும் கை கமிட்டியில் ஒன்றுதான் மிச்சம் என்று கணக்குப் போட்டேன். அந்த வருட தசராவுக்கு முன் கமிஷனரின் விண்ணப்பத்தை நானே எடுத்துக் கட்டின் மேலே வைத்தேன். வாழ்க்கையில் நான் சொந்தமாக எடுத்த முடிவுகள் மூன்று. முதலாவது திருகாணி, இரண்டாவது மீசை. இது மூன்றாவது.

வைத்த பிறகுதான் செய்தித்தாளைப் பார்த்தேன். நகரத்துக்குத் தெற்கே ஒரு ஏரிக்கரையை ஒட்டிப் பில்டர் பெரிய லேஅவுட் போட அனுமதி கேட்டிருக்கிறார். ஃபைல் கமிஷனரிடம் எட்டு மாதமாக நிற்கிறது. காலேஜ்காரருக்கும் அதில் பங்கு உண்டு. பழைய கமிட்டி பிறப்பைப் பார்த்துக் கறுப்பைப் போட்டிருக்கும். புதிய கமிட்டிக்கு யார் அப்பா என்பதில் அக்கறை இல்லை. ஆனால் அவர்களுடைய ஃபைலில் உட்கார்ந்திருப்பவரைத் தூக்கி அவர்களுடைய பெட்டிக்குள்ளேயே போட்டிருக்கிறேன். பட்டியலின் அடியில் அவருக்கு இருந்த மானத்தையும் நானே முடித்துவைக்கப் போகிறேன். விண்ணப்பத்தை வாபஸ் எடுக்கலாமா என்று புதிய செக்ரெட்டரியிடம் கேட்டேன். அவர் ஏதோ கம்பெனியில் பெரிய வேலை பார்த்தவர். “பிராசஸ் ஸ்டார்ட் ஆயிடுச்சு” என்றார். அந்தச் சொல்லுக்கு எதிராக நம்மால் என்ன செய்ய முடியும்!

வாக்களிப்பு ஒரு சனிக்கிழமை. பெட்டியைத் துடைத்து மேசையில் வைத்தேன். பில்டர் முதல் ஆளாக வந்தார். “இன்னிக்கி அமாவாசையா குரு?” என்று கேட்டார். பெங்களூரில் யாரையும் ‘குரு’ என்று கூப்பிடுவார்கள், நம் ‘தலைவா’ மாதிரி. இல்லை என்றேன். கையை விட்டார், எடுத்தார், போய்விட்டார். காலேஜ்காரர் வெல்வெட்டுக்குள் கையை விடும் முன், “கறுப்பு எந்தப் பக்கம்?” என்று கேட்டார். இடப்பக்கம் என்றேன். கையை நுழைத்தவர் வலப்பக்கமே ஒட்டி ஒட்டிப் போய்ப் பாம்புப் புற்றிலிருந்து எடுப்பதுபோலக் கையை உருவிக்கொண்டார். “சனிக்கிழமையில கறுப்பு தொடக்கூடாதுப்பா, எங்க வாஸ்துக்காரர் கண்டிப்பா சொல்லியிருக்கார்” என்று கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். பழைய ஆட்கள் கோல்ஃப் பந்தைப்போல அலட்சியமாகக் கறுப்பைத் தட்டிவிட்டவர்கள். அவர்களுக்கு ராகுகாலம் தெரியாது.

பெட்டியைத் திறந்து எண்ணினேன். பத்தும் வெள்ளை. மறுபடி எண்ணினேன். ஒரு கறுப்பாவது விழாமல் யாரும் அந்தக் கிளப்பில் நுழைந்ததாக நோட்டில் இல்லை. கர்னலுக்கே ஒன்று விழுந்திருந்தது. சந்தோஷம் தாங்காமல் பாருக்குப் போய்ப் பில்டரிடம், “எல்லாருக்கும் அவரைப் புடிச்சிருக்கு சார்” என்று உளறினேன். முடிவை வெளியில் சொல்லக் கூடாது என்பது விதி. பில்டர் சிரித்தார்.

“புடிக்கிறது இன்னா வந்துச்சு குரு? வெளிய நின்னா அவரு ஆபீசர், நான் பெட்டிஷன்காரன். உள்ள வந்தா அவரும் மெம்பரு, நானும் மெம்பரு. ஒந்தே டேபிள், ஒரே மேசை. கமிட்டியில மிச்சம் இருக்கிற மூணு பெரிசுங்களுக்கும் சொல்லி வெச்சேன். பழைய ஆளுங்களுக்குப் புத்தி இல்ல, வேண்டாதவனை வெளிய நிறுத்துவாங்க. நாங்க உள்ள கூப்புட்டு உக்கார வெப்போம்.”

கர்னல் பத்து வருடமாகச் சொல்லிக் கொடுக்காத பாடத்தை ஒரு சோடா குடித்து முடிப்பதற்குள் அவர் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேர்வுக் கடிதத்தை நானே எடுத்துக்கொண்டு கமிஷனரின் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். தபாலில் அனுப்பினால் போதும். பரிசு கொடுப்பதுபோல நேரில் கொடுக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. கூடத்துச் சுவரில் புத்தர் படம், அதன் கீழே வெள்ளைச் சீருடையில் அவருடைய அப்பா. கமிஷனர் லுங்கியும் பனியனுமாக இருந்தார். அவர் மனைவி காபி கொடுத்தார். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அதோடு நான் விடைபெற்றிருக்கவேண்டும்.

“எத்தினி கறுப்பு?” என்று கேட்டார். வீட்டில் அவர் பேச்சு முழு அல்சூராக இருந்தது.

“அதைச் சொல்லக் கூடாது சார்.”

“நான் கேக்கறேன்பா.”

“ஒண்ணுகூட இல்ல சார். பத்தும் வெள்ளை. கிளப் சரித்திரத்துலயே கிடையாது.”

காபி டம்ளரைக் கீழே வைத்தார். “அந்தக் காலேஜ்காரனுமா?”

“அவரும்தான் சார்.”

“பில்டரு?”

“அவருதான் சார் முதல் ஆளா வந்து கைய விட்டாரு.”

டம்ளரை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். ஏதோ தவறு செய்துவிட்டேன் என்று மட்டும் தெரிந்தது. சமாதானமாக ஏதாவது சொல்லவேண்டுமே என்று, “அவங்க கறுப்பைத் தொடமாட்டாங்க சார், ராசியில்லையாம்” என்றேன்.

“ஆதாயம் இருந்தா சனீஸ்வரனையே கட்டிப் புடிப்பானுங்க” என்றார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “எங்க நைனாவ அங்க எல்லாருக்கும் புடிக்கும். ஏன் தெரியுமா? பெரிய மனுசன் எவனாவது தப்பாட்டம் ஆடினா இவரு ஜன்னல் பக்கம் திரும்பிக்குவாரு. புள்ளி மட்டும் கரெக்டா ஏறும். அதாம்பா மார்க்கர் வேலை. அப்படித் திரும்பி நிக்கக் கூடாதுன்னுதான் நான் படிச்சேன். இப்ப பாரு, பத்துப் பேருக்கும் என்னைப் புடிச்சிருக்கு.”

“நீங்கதான் ஏரிக்கு அனுமதி குடுக்கலியே சார்.”

“குடுக்கல. முடியாதுன்னும் எழுதல. எட்டு மாசமா அந்த ஃபைல் மேல வரும், ‘பேசவும்’னு எழுதி அடியில வெப்பேன். நோன்னு எழுதினா எதிரி, எஸ்னு எழுதினா பாவம். நடுவுல குந்திகினு இருந்தேன். அந்த ஆளு கெட்டிக்காரன், இவன் திரும்பி நிக்கிற ஜாதிதான்னு கண்டுபுடிச்சிட்டான்.”

மேலே வரும், அடியில் வைப்பேன் என்று அவர் சொன்னதும் எனக்குக் காது துடித்தது. கைக்குட்டையை எடுத்தேன். அவர் பார்த்துவிட்டார்.

“என் ஃபாரத்த நீ அடியில வெச்சது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ஃபைல் தள்றதுல எனக்கு முப்பது வருச சர்வீஸ்பா.”

“தெரிஞ்சும் ஏன் சார் வருசா வருசம் வந்து கேட்டீங்க?”

“பொய் சொல்ல ஒனக்குக் கஷ்டமா இருந்துச்சில்ல? அதப் பாக்கத்தான் வந்தேன்.”

சேர்க்கைக் கட்டணம் கட்டப் பதினைந்து நாள் தவணை உண்டு. பதினைந்தாம் நாள் தபாலில் இரண்டு வரிக் கடிதம் வந்தது: தேர்ந்தெடுத்ததற்கு நன்றி, சேர விருப்பமில்லை. நோட்டில் எழுத உட்கார்ந்தால் எங்கே எழுதுவது என்று தெரியவில்லை. தேர்வானார், தேர்வாகவில்லை, காலமானார் என்று மூன்று கட்டங்கள்தான் வெள்ளைக்காரன் போட்டு வைத்திருந்தான். நாலாவதாக ஒருவர் வருவார் என்று அவனுக்குத் தோன்றவில்லை. நோட்டின் ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அதில் நுணுக்கி எழுதினேன்.

அதே வாரத்தில் ஏரி ஃபைலில் அவர் ‘மறுக்கப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த பத்து நாளில் அவரைப் பழைய கெஜட்டுகள் அடுக்கி வைத்திருக்கும் ஒரு மாடிக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்கு ஒரு மேசையும், யாரும் கூப்பிடாத ஒரு டெலிபோனும் கொடுத்திருந்தார்கள். ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தது.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடவேண்டும். அவருக்குப் பின்னால் வந்த அதிகாரி ‘பேசவும்’ என்றுகூட எழுதவில்லை. ஏரிக்கரையில் இப்போது அடுக்குமாடிகள் நிற்கின்றன. பெருமழை பெய்தால் ஏரி தன் பழைய விலாசத்துக்கு வந்து கீழ்த்தளத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறது. பில்டரின் மகன் தேர்தலில் நின்று ஜெயித்தார். கிளப்பில் வேட்டியும் கட்டலாம், டீ ஷர்ட்டும் போடலாம். கோட்டு போட்டவரைப் பார்த்தால் புது வெயிட்டரா என்று கேட்கிறார்கள். மென்பொருள்காரர்கள் வந்து பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். விண்ணப்பங்களை இப்போது யாரும் கையால் அடியில் வைக்கமுடியாது. அதற்கு வேறு வழி இருக்கிறதாம், எனக்குப் புரியவில்லை. கர்னலின் ஆட்கள் நாற்பது வருடம் ஆண்டார்கள். பில்டரின் ஆட்கள் எத்தனை வருடம் என்று தெரியாது, அவர்களுக்குப் பின்னால் வருகிறவர்களின் விண்ணப்பங்களை ஓய்வுபெறுவதற்கு முன் நான் பார்த்தேன். தொழில் என்ற இடத்தில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு உச்சரிக்க வரவில்லை. நடுவில் பரீட்சை எழுதி மேலே வந்த கமிஷனரைப் போன்றவர்களுக்கென்று தனியாக ஒரு தட்டு அந்த அலமாரியில் இருந்ததேயில்லை. நல்ல நாற்காலிகளில்தான் உட்கார்ந்தார்கள். ஆனால் ஒரு கூட்டம் எழுந்து போய் இன்னொரு கூட்டம் வந்து உட்காருகிற இடைவெளியில்.

முன்னால் நடந்த ஒன்றை விட்டுவிட்டேன். அவரை வேறு இடத்துக்கு மாற்றிய மறுநாள் பில்டர் என் ஜன்னலுக்கு வந்தார். உட்காரவில்லை, முகம் சிவந்திருந்தது.

“குரு, அந்த ஓட்டெடுப்ப ரத்து பண்ணிட்டு இன்னொரு தரம் வெய்யி.”

“அவருதான் சேரவே இல்லையே சார்.”

“சேரலன்னா இன்னா? நான் கறுப்பு போடணும்.”

“கறுப்பு ராசியில்லையே சார்?”

“அவனுக்குத்தானே ராசியில்ல? நீ வெய்யி.”

அன்று மத்தியானத்துக்குள் காலேஜ்காரரும், ஒரு மந்திரியும் தனித்தனியாக வந்து அதையே கேட்டுவிட்டுப் போனார்கள். விதியில் இடமில்லை என்று மூவரிடமும் சொன்னேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, கெஜட் மாடிக்கு டெலிபோன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். நடந்ததைச் சொன்னேன்.

“சார், இருக்கீங்களா?”

“இருப்பா, பேனா தேடறேன்.” மேசை டிராயர் திறக்கும் சத்தம் கேட்டது. “ம், இப்ப சொல்லு. மூணு கறுப்பும் யார் யாருது?”

பெயர்களைச் சொன்னேன். அவர் எழுதுவது கேட்டது.

“மெதுவா சொல்லுப்பா” என்றார். “இன்ஷியலோட.”